சங்கம் பேசினால் கம்பெனி பேசியதாகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வணிகப் பக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பிஎச்பி சுரங்கக் கம்பெனி பருவநிலைக் கொள்கைக்கு எப்படித் துணை நிற்கிறது என்று அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அதில் ஒரு வரி: "கம்பெனியின் நிலைப்பாடு வேறு, அது அங்கம் வகிக்கும் சங்கங்களின் நிலைப்பாடு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது." இந்த வரி என்னை இரண்டு நாளாகத் தூங்க விடவில்லை. என் அய்யன் காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு எங்களுடையது என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாததல்ல. 2010 மே மாதம் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட் சுரங்க லாபத்துக்குக் கூடுதல் வரி என்று அறிவித்தார். சுரங்கக்காரர்கள் டிவியிலும் பத்திரிகையிலும் விளம்பரமாகக் கொட்டினார்கள். ஜூன் முடிவதற்குள் அவர் பதவியில் இல்லை. அதற்கு இதுவும் ஒரு காரணம். 2012 ஜூலையில், புகை விடும் பெரிய கம்பெனிகள் டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும் எனக் கார்பனுக்கு விலை வைத்தார்கள், 2014 ஜூலையில் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த விலைக்கு எதிராக நின்றதில் மினரல்ஸ் கவுன்சில் என்ற சுரங்கக் கம்பெனிகளின் சங்கமும் உண்டு. 2017 பிப்ரவரியில், ஊரே வெயிலில் வெந்துகொண்டிருந்தபோது, நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன் ஒரு நிலக்கரிக் கட்டியை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுவந்து தூக்கிக் காட்டி, இதைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்றார். அந்தக் கட்டியைக் கொடுத்ததும் அதே சங்கம்தான். கையில் கரி ஒட்டாமல் இருக்க மேலே மெருகு பூசியிருந்ததாகவும் செய்தி வந்தது. அன்றைக்கு அந்தச் சங்கத்தில் பிஎச்பியும் உறுப்பினர்.

சரி, பிஎச்பி செய்ததையும் சொல்லிவிடுகிறேன். பங்குதாரர்கள் சிலர் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்து நெருக்கிய பிறகு, 2017 டிசம்பரில் தன் சங்கங்கள் என்னென்ன பேசுகின்றன என்று அறிக்கை போட்டது. மறு வருடம் உலக நிலக்கரிச் சங்கத்தை விட்டு வெளியே வந்தது. மினரல்ஸ் கவுன்சிலை மட்டும் விடவில்லை. சங்கம் வேறு, கம்பெனி வேறு என்றால் ஒன்றை விட்டு வெளியே வந்தது எதற்கு? உங்கள் கட்டுரையில் இந்தக் கேள்வியே இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீங்கள் நினைக்கலாம். நான் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருந்தவன். மாதம் பிறந்தால் எங்கள் சாயப்பட்டறைச் சங்கத்து ஆள் சந்தா வாங்க டிவிஎஸ் 50-ல் வருவார். துணிக்குச் சாயம் ஏற்றும் வின்ச் மெஷின் பக்கத்தில் நின்றபடியே ரசீது கிழித்துக் கொடுப்பார். ஈரக் கையோடு வாங்குவதால் ரசீதெல்லாம் நீலமும் சிவப்புமாகக் கறை படிந்திருக்கும். நொய்யல் ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற மனுவில் நான் மனதாரக் கையெழுத்துப் போட்டேன். அதே மாதம் கட்டிய சந்தாவில், கழிவுநீர்க் கட்டுப்பாடு வேண்டாம் என்று வாதாட வக்கீலுக்குப் பணம் போனது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டினேன்.

எங்கள் மாமன் தோட்டம் நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992-ல் அணை வந்தபோது பாசனம் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டவர் அவர். கடைசியில் அணையில் தேங்கியது எங்கள் சாயத்தண்ணீர். அவர் கிணற்றில் இறைத்து ஊற்றினால் மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். ஒருநாள் நான் அவரிடம், "அது சங்கத்து முடிவுங்க மாமா, என்னோடதில்லை" என்றேன். அவர், "மாப்ளெ, நீ நல்லவன், உன்ற சங்கந்தான் கெட்டதாக்கும்? என்ற கெணத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சமாதானத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது என்றார்கள். சரியான உத்தரவு, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். நான் கடனை அடைக்க இடத்தை விற்றேன். அன்றைக்கு உங்கள் பத்திரிகை, பட்டறைக்காரர் வேறு, சங்கம் வேறு என்று எங்களுக்காக ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருக்கவும் கூடாது. பிஎச்பிக்கு மட்டும் ஏன் எழுதுகிறீர்கள்?

இப்போது மகன் பனியன் கம்பெனி நடத்துகிறான். ஐரோப்பாவிலிருந்து சரக்கு வாங்கும் பையர் படிவம் அனுப்புகிறார்: எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை டன் விறகு, எத்தனை லிட்டர் டீசல். இங்கே பாய்லர் விடும் புகை அவர் கணக்கில் ஸ்கோப் 3 என்று, அதாவது தான் விடாமல் தனக்குச் சரக்கு செய்பவரும் தன் சரக்கை வாங்குபவரும் விடும் புகை என்று, ஏறுகிறதாம். அதனால் நாங்கள் குறைக்க வேண்டும். செலவு எங்களுடையது, விலையில் பத்துப் பைசா ஏறவில்லை. பிஎச்பியோ தன் சுரங்கமும் லாரியும் மின்சாரமும் விடும் புகையை 2020 அளவிலிருந்து 2030-க்குள் 30 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறது. அது விற்கும் இரும்புத் தாதுவும் நிலக்கரியும் வாங்கியவர்களின் உலையில் போய் விடும் புகை இதைப் போலப் பல மடங்கு. உங்கள் கட்டுரையில் 30 சதவீதம் கொட்டை எழுத்தில் இருந்தது. மற்றதைக் காணோம்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பக்கம் ஒரு கல்குவாரிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் வேனில் வந்து இறங்கியவர்கள்; எங்கள் ஊர்க்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். மறுநாள் நீங்கள் போட்ட தலைப்பு, 'பொதுமக்கள் ஆதரவு'. நான் எழுதிய மறுப்பில் ரோட்டுப் புழுதி பற்றிய இரண்டு வரி மட்டும் அச்சில் வந்தது.

கேட்பது சின்னதுதான். அடுத்த முறை இப்படி ஒரு கம்பெனியைப் பற்றி எழுதினால், அது எந்தெந்தச் சங்கங்களுக்குச் சந்தா கட்டுகிறது, அந்தச் சங்கங்கள் எந்தச் சட்டத்துக்கு எதிராகப் பேசின என்று பக்கத்திலேயே நாலு வரிப் பெட்டிச் செய்தி போடுங்கள். பிஎச்பி தானே அந்த விவரத்தை வெளியிடுகிறது, தேடி அலைய வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை இடமில்லை என்று வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள். எங்கள் மாமன் சொன்னதை மட்டும் முழுசாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சாயப்பட்டறைக்காரர்,
மங்கலம் ரோடு, திருப்பூர்.