பிரிவு 10(4)ஐக் கொஞ்சம் கண்டிப்பாகப் படியுங்கள்

கிண்டி காப்புரிமை அலுவலகத்தின் தேர்வாளர்களுக்கும், தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓர் உரத் தொழிற்சாலையின் அம்மோனியா பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகள் பெங்களூருவில் ப்ராசஸர் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறாள். இரண்டு தொழிலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்றுதான் வீட்டுக்கு வருபவர்கள் சொல்வார்கள். உங்கள் மேசைக்கு வரும்போது மட்டும் இரண்டுக்கும் ஒரே உருவம்: விவரக்குறிப்பு, வரைபடங்கள், கடைசியில் எண்ணிட்ட உரிமைக்கோரல்கள். இரண்டிலும் ஒரே குறையும் இருக்கிறது. உரிமை கேட்பதில் காட்டும் தாராளத்தைச் சொல்லிக்கொடுப்பதில் காட்டுவதில்லை.

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10(4) பிரிவை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கண்டுபிடிப்பு என்ன, அது எப்படி இயங்குகிறது, அதை எப்படிச் செய்வது என்று முழுமையாக விவரிக்க வேண்டும். விண்ணப்பதாரர் தனக்குத் தெரிந்தவற்றில் சிறந்த முறையையே வெளிப்படுத்த வேண்டும். இருபது ஆண்டு ஏகபோகத்துக்கு அவர் நாட்டுக்குக் கொடுக்கும் பதில் அது ஒன்றுதான். ஆனால் புதுமை உண்டா, எதற்கெல்லாம் காப்புரிமை கிடையாது என்று சொல்லும் 3ஆம் பிரிவு தடுக்கிறதா என்ற கேள்விகளில் நீங்கள் காட்டும் பிடிவாதம், "இதைப் படித்து இன்னொருவரால் செய்ய முடியுமா" என்ற கேள்வியில் தெரிவதில்லை. குறைந்தபட்சம் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இது பழைய வியாதி. அம்மோனியாவின் கதையே அதற்குச் சாட்சி. 1908 அக்டோபரில் ஃபிரிட்ஸ் ஹேபர் ஜெர்மனியில் ஒரு விண்ணப்பம் போட்டார். நைட்ரஜன், ஹைட்ரஜன் கலவையை அழுத்தத்தில் வினையூக்கியின் மேல் செலுத்துவது, உண்டான அம்மோனியாவை வழியிலேயே பிரித்தெடுப்பது, மிச்ச வாயுவை மறுபடி உள்ளே அனுப்புவது. அந்தச் சுற்று இன்றும் உலகத்தின் எல்லா அம்மோனியா ஆலைகளிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சம்பளம் வாங்கியதும் அதை ஓட்டித்தான். 1909 ஜூலையில் பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் ரசாயன நிறுவனத்தின் ஆட்கள் கார்ல்ஸ்ரூவேயில் அவருடைய சோதனைக்கூடத்துக்கு வந்து, மேசை மேல் இருந்த கருவியிலிருந்து அம்மோனியா சொட்டுவதைப் பார்த்தார்கள்.

அந்தச் சொட்டிலிருந்து ஆலை வரைக்குமான தூரம்தான் விஷயம். ஹேபர் வினையூக்கியாகப் பயன்படுத்தியது ஆஸ்மியம். அது உலகத்திலேயே கொஞ்சம்தான் கிடைக்கும் உலோகம். பிஏஎஸ்எஃப்பின் வேதியியலர் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்துப் பார்த்தார். கடைசியில் ஸ்வீடனிலிருந்து வந்த ஓர் இரும்புத் தாது நன்றாக வேலை செய்தது. ஏன் என்று தோண்டியபோது அதில் கலந்திருந்த அசுத்தங்கள்தான் உதவி செய்கின்றன என்று தெரிந்தது. இரும்போடு கொஞ்சம் அலுமினியம் ஆக்சைடு, கொஞ்சம் பொட்டாசியம் என்ற சேர்க்கை அப்படி வந்ததுதான். ஆலையைக் கட்டும் பொறுப்பில் இருந்த கார்ல் போஷுக்கு வேறு தலைவலி. சூடான ஹைட்ரஜன் எஃகில் இருக்கும் கார்பனைத் தின்றுவிடும், குழாய்கள் வெடித்தன. உள்ளே மென்னிரும்புப் புறணி, வெளியே சிறு துளைகள் போட்ட எஃகு உறை என்று ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளே கசியும் ஹைட்ரஜன் அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிடும். 1913 செப்டம்பரில் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது.

அப்புறம் போர் வந்தது. 1917இல் அமெரிக்கா களத்தில் இறங்கிய பிறகு ஜெர்மன் நிறுவனங்களின் காப்புரிமைகளை எதிரிச் சொத்தாகக் கைப்பற்றியது. 1919இல் கெமிக்கல் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை உருவாக்கி ஆயிரக்கணக்கான காப்புரிமைகளை அதன் கையில் கொடுத்தார்கள். போர் நடக்கும்போதே அலபாமாவின் ஷெஃபீல்டில் ஹேபர் முறையைக் கொஞ்சம் மாற்றி ஓர் அம்மோனியா ஆலையும் கட்டினார்கள். அது உருப்படியாக ஓடவே இல்லை. வாஷிங்டனில் தனியாக ஓர் ஆய்வகம் தொடங்கி, தங்களுக்கென்று ஒரு வினையூக்கியை முதலிலிருந்து உருவாக்க வேண்டியிருந்தது. பணம், ஆள், சட்ட உரிமை மூன்றும் கையில். ஜெர்மன் காகிதமும் கையில். எந்தத் தாதுவை எந்த விகிதத்தில் உருக்கி, எப்படிச் சமைப்பது என்ற கைப்பக்குவம் மட்டும் அந்தக் காகிதத்தில் இல்லை.

சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். புது வினையூக்கியைக் கொட்டி, ஹைட்ரஜனைச் செலுத்தி அதிலுள்ள ஆக்சிஜனை அகற்றும் நாட்களில் வெளிவரும் வாயுவில் நீராவி கொஞ்சம் கூடினாலும் சரக்கு கெட்டுப்போகும். அந்த நாட்களில் ஷிஃப்ட் முடிந்தாலும் எங்களில் யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். இந்த மாதிரி விவரத்தை விட்டுவிட்டு எழுதிய விவரக்குறிப்பு, படிக்க அழகாக இருக்கும். அதை வைத்து ஒரு கிலோ அம்மோனியா எடுக்க முடியாது.

இன்றைய உர விண்ணப்பங்களுக்கு வருகிறேன். 2021இல் கூட்டுறவு உர நிறுவனமான இஃப்கோ நானோ யூரியாவைக் கொண்டுவந்தது. 500 மில்லி பாட்டில் ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடு என்றார்கள். காப்புரிமை பெற்ற பொருள் என்பதும் விளம்பரத்திலேயே வந்தது. கணக்கு எளிது. அந்தப் பாட்டிலில் நைட்ரஜன் 4 சதவீதம், அதாவது ஏறக்குறைய 20 கிராம். மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். இலை வழியாகப் போவதால் வீணாகாது என்பது நிறுவனத்தின் பதில். மண்ணில் போடும் யூரியாவில் பெரும்பகுதி ஆவியாகவும் நீரோடும் போகிறது என்பது உண்மைதான். ஆனால் மூட்டையில் பாதி வீணானாலும் பத்து கிலோ மிஞ்சும். இருபது கிராம் அதற்கு எப்படி ஈடாகும்? 2023இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதே கேள்வியை ஓர் ஆய்விதழில் எழுப்பினார்கள். பின்னால் நைட்ரஜனைக் கூட்டி நானோ யூரியா பிளஸ் வந்தது.

அந்தக் குறிப்பிட்ட காப்புரிமை செல்லுமா செல்லாதா என்று வாதாட நான் வரவில்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் அனுமதி கொடுப்பதும் உங்கள் வேலை இல்லை. நான் கேட்பது வேறு. இனி ஓர் உர விண்ணப்பம் வந்தால், "பயிர் விளைச்சலைக் கூட்டும்" என்ற வரிக்குப் பின்னால் வயல் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். உரமே போடாத பாத்தி, வழக்கமான யூரியா போட்ட பாத்தி, புதுச் சரக்கு போட்ட பாத்தி என்று மூன்றும் இருந்ததா, எந்த மண், எந்தப் பயிர், எத்தனை பருவம்? இல்லையென்றால் முதல் தேர்வு அறிக்கையிலேயே கேளுங்கள். 3(e) பிரிவின் கீழ் வெறும் கலவைக்கு உரிமை கிடையாது என்று சொல்லும் இடத்தில் இந்தக் கேள்வியும் தானாக வரும். துகள் எத்தனை நானோமீட்டர் என்று மட்டும் எழுதினால் அது உரத்துக்கான விவரம் ஆகாது.

ப்ராசஸர் பக்கம் வேறு விதமான கூத்து. அங்கே மறைப்பதைவிட வளைத்துப் போடுவதுதான் அதிகம். கில்பர்ட் ஹையட் என்பவர் 1970 வரை பின்னோக்கிப் போகும் விண்ணப்பத்தின் பேரில், ஒரே சிப்பில் அமைந்த கணினிக்கு 1990இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். இடையில் இன்டெல் 4004 வந்து, வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்து, உலகமே மாறிவிட்டது. திடீரென்று நுண்செயலி என்பதே ஒருவருடைய சொத்து என்றதும் பல மின்னணு நிறுவனங்கள் உரிமத் தொகை கட்டின. அதே கண்டுபிடிப்பு தன்னுடையது என்ற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பொறியாளர் கேரி பூன் தரப்பு விடவில்லை. 1996இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகமும், 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பூன் பக்கம் தீர்ப்புச் சொன்னன. காரணம் என்ன? ஹையட் ஆரம்பத்தில் கொடுத்த விவரக்குறிப்பு, அவர் பின்னால் கேட்ட உரிமையைத் தாங்கவில்லை. நான் சொல்லும் 10(4) பிரச்சினையேதான், வேறு நாட்டில், வேறு பெயரில். இதை 1990க்கு முன்பே தேர்வாளர் ஒருவர் கேட்டிருந்தால் அத்தனை உரிமத் தொகையும் மிச்சம்.

நல்ல விவரக்குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கும் அதே துறையில் ஓர் உதாரணம் உண்டு. நினைவகத்தில் எல்லை தாண்டி விழும் தரவை இடது பாதி, வலது பாதி என்று இரண்டு தடவையாக எடுக்கவும் வைக்கவும் உதவும் நான்கு கட்டளைகளுக்கு, ப்ராசஸர் வடிவமைக்கும் மிப்ஸ் நிறுவனம் உரிமை வைத்திருந்தது. அது என்ன என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. லெக்ஸ்ரா என்ற நிறுவனம் அந்த நான்கை மட்டும் விட்டுவிட்டு மிச்சக் கட்டளைகளோடு ப்ராசஸர் செய்தது. சீனாவின் லூங்சனும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தது. மென்பொருளில் அதே வேலையைச் செய்தாலும் மீறல்தான் என்று மிப்ஸ் வழக்குப் போட்டு, 2001இல் லெக்ஸ்ரா சமரசத்துக்கு வந்தது என்பது வேறு கதை. எனக்கு அது பிடிக்கவும் இல்லை. ஆனாலும் எதை விட்டு ஒதுங்க வேண்டும், காப்புரிமைக் காலம் முடியும் 2006 கடைசியில் எது எல்லோருக்கும் திறந்துவிடும் என்று ஒரு பொறியாளரால் படித்துத் தெரிந்துகொள்ள முடிந்தது.

இப்போது வரும் ப்ராசஸர் விண்ணப்பங்களில் அப்படிப் படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறதா? "தரவைப் பெறுமாறு அமைக்கப்பட்ட ஓர் அலகு, அதைச் செயல்படுத்துமாறு அமைக்கப்பட்ட இன்னோர் அலகு" என்று பக்கம் பக்கமாகப் போகும். அந்த அலகுக்குள் என்ன நடக்கிறது, எத்தனை கடிகாரச் சுற்றில் நடக்கிறது, தவறான கணிப்பு வந்தால் எப்படிப் பின்வாங்குகிறது என்று கேட்டால் ஒரு பெட்டியும் ஓர் அம்புக்குறியும் இருக்கும். கணினி நிரலுக்கு மட்டும் காப்புரிமை கிடையாது என்னும் 3(k) பிரிவைப் பற்றிய வழிகாட்டு நெறிகளை 2015இல் எழுதி, 2016இலும் 2017இலும் திருத்தி, மறுபடியும் திருத்தியிருக்கிறீர்கள். கணினி நிரலா, வன்பொருளா என்ற அந்தச் சண்டையில் செலவான மூளையில் கால்வாசி இந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கச் செலவானால் போதும்.

இதில் நம் ஊருக்கு நேரடி நஷ்டம் இருக்கிறது. கிண்டியில் உங்கள் அலுவலகத்திலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்தில் ஐஐடி மெட்ராஸ் இருக்கிறது. அங்கே சக்தி ப்ராசஸர் குடும்பத்தை உருவாக்கி, வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். அதன் அடித்தளம் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பு. அதை உருவாக்கியவர்கள் புத்திசாலித்தனமான ஒரு வேலை செய்தார்கள்: ஒவ்வொரு கட்டளையும் எந்தப் பழைய ப்ராசஸரில் ஏற்கெனவே இருந்தது என்று ஒரு வம்சாவளியே எழுதி 2016இல் வெளியிட்டார்கள். நாளைக்கு யாராவது உரிமை கொண்டாடினால் முன்னுதாரணம் காட்டுவதற்கு. அந்த ஆவணம் ப்ராசஸர் விண்ணப்பங்களைப் பார்க்கும் ஒவ்வொரு தேர்வாளரின் கணினியிலும் இருக்க வேண்டும். ஆனால் கட்டளைத் தொகுப்பு திறந்திருப்பதால் உள்ளே இருக்கும் வடிவமைப்புக்கும் பாதுகாப்பு என்று ஆகாது. தெளிவில்லாத ஒரு காப்புரிமை போதும், சின்ன நிறுவனம் ஒன்றை வழக்கில் மூழ்கடிக்க.

என் மகளிடம் ஒரு தடவை, "உங்க துறையில வர்ற பேட்டன்ட் எல்லாம் படிப்பியா?" என்று கேட்டேன். "படிக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா" என்றாள். நான் நம்பவில்லை. காரணம் விசாரித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில், தெரிந்தே மீறினார் என்று ஆனால் நீதிமன்றம் இழப்பீட்டை மூன்று மடங்கு வரை உயர்த்தலாம். படித்ததற்கு ஆதாரம் இருந்தால் ஆபத்து. அதனால் படிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. ஆக, உலகுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக வெளியிடும் ஆவணத்தை, அதைப் புரிந்துகொள்ளக் கூடியவர்களே திறப்பதில்லை. இதை நீங்கள் சரிசெய்ய முடியாது, தெரியும். ஆனால் திறந்து பார்த்தால் உள்ளே ஏதாவது இருக்கிறது என்ற நிலையையாவது உண்டாக்கலாம்.

இன்னொரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டத்துக்கு அடிப்படையான 1959ஆம் ஆண்டு அறிக்கையை எழுதியவர் நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார், சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருக்கின்றன, இங்கே உற்பத்திக்கும் வருவதில்லை என்பது அவருடைய முக்கியமான கவலை. அந்தக் கவலையின் வழியில் வந்ததுதான் படிவம் 27. காப்புரிமையை இங்கே உண்மையிலேயே பயன்படுத்துகிறீர்களா என்று அதில் ஆண்டுதோறும் சொல்ல வேண்டியிருந்தது. 2012இல் நாட்கோ என்ற இந்திய மருந்து நிறுவனத்துக்கு, உரிமையாளரின் சம்மதம் இல்லாமலே ஒரு புற்றுநோய் மருந்தைத் தயாரிக்கும் கட்டாய உரிமம் கிடைத்தபோது, காப்புரிமை வைத்திருந்த பேயர் நிறுவனமே படிவம் 27இல் எழுதிக் கொடுத்த கணக்கு அங்கே பேசியது. 2024 விதித் திருத்தத்தில் இதை மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை என்று தளர்த்திவிட்டார்கள். தொழில் செய்பவர்களுக்குச் சுமை குறையும் என்கிறார்கள். சில பக்கப் படிவத்தில் என்ன சுமை? சிப் துறையில் மூன்று ஆண்டு என்பது ஒரு தலைமுறை. விதியை மாற்றுவது அமைச்சகத்தின் கையில் என்றாலும், தலைமைக் கட்டுப்பாட்டாளர் பரிந்துரைத்தால் எடை இருக்கும்.

கடைசியாக ஒன்று. 25(1) பிரிவின் கீழ், காப்புரிமை வழங்குவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். விவரம் போதவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். உர விண்ணப்பத்தில் எழுதியிருப்பது வயலில் நடக்குமா என்று சொல்லத் தகுதியானவர் தஞ்சாவூரில் மேலுரம் போடும் விவசாயி. ஆவணமோ இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் இருக்க வேண்டும் என்கிறது உங்கள் விதி. அதே விதிகளில் சுருக்கம் 150 சொற்களைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறது. முழு ஆவணத்தையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. உரம், பூச்சிமருந்து, விதை நேர்த்தி சம்பந்தமான விண்ணப்பங்களுக்கு மட்டும், வெள்ளிக்கிழமைதோறும் வரும் காப்புரிமை இதழில் அந்த 150 சொற்களைத் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் போடுங்கள். கூட்டுறவு சங்கத்துப் பலகையில் ஒட்ட ஒரு பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உரத் தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவர்,
தூத்துக்குடி