தொப்புள்கொடி: ஒரு நிமிடம் பொறுக்கலாமே

ஐயா,

பேரன் பிறந்த அன்று குமுளியிலிருந்து ஜீப்பில் வந்திறங்கிய சம்பந்தியம்மா கேட்ட முதல் கேள்வி: "கொடியை உடனே அறுத்துட்டாங்களா?"

நியாயமான கேள்விதான். குழந்தை தானே மூச்சுவிடத் தொடங்கியதும் கொடிக்கு வேலையில்லை, அதனால் வெட்டுகிறார்கள். அதில் உணர்வு நரம்பு இல்லை, வலிக்காது. ஆனால் 1 முதல் 3 நிமிடம் பொறுத்தால், நஞ்சுக்கொடியிலுள்ள ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும். ரத்தசோகைக்கு நல்ல தடுப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சுத் திணறும் குழந்தை என்றால் அது வேறு கதை.

அப்புறம், அறுத்த நுனியில் தடவ விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றார் எங்கள் அத்தை. நர்ஸ் விடவில்லை. சும்மா உலரவிட்டோம், ஒன்பதாம் நாள் சருகு போல உதிர்ந்தது. பிரசவ வார்டு சுவர்களில் இதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவைத்தால் என்ன?

– ஒரு பாட்டி, கம்பம்