எங்கள் தாய்மாரின் கல்லறைகளுக்கும் பதிவேடுகளுக்கும் ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த சபை மக்களுக்கும், ஊரைவிட்டுப் பல திக்கிலும் வாழும் உறவுகளுக்கும்,

1814-இல் இலங்கைக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரிமாரில் ஒருவரான வில்லியம் ஓல்ட் போதகருக்கு மட்டக்களப்பு நகரில் சிலை இருக்கிறது. அவர் தொடங்கிய பள்ளியின் வழிவந்த மெதடிஸ்த மத்திய கல்லூரி இருக்கிறது. வந்து ஓராண்டு நிறையுமுன், 1815-இல், அவர் இங்கேயே காலமானார். அவருடைய மனைவி மட்டக்களப்பைக் காணவேயில்லை. வரும் வழியில் கப்பலிலேயே இறந்து, கடலில் அடக்கம் பண்ணப்பட்டார். அவருக்குக் கல்லறை கிடையாது.

அவருக்குப் பின் இந்த மண்ணிலேயே பிறந்து, மணமுடித்து, பிள்ளை பெற்று, சபையைத் தாங்கி மறைந்த எங்கள் பெண்களுக்குக் கல்லறை உண்டு. கல்லில் எழுத்துத்தான் நிற்கவில்லை. எங்கள் சபைச் சேமக்காலையின் பழைய பகுதியில் ஆண்களின் கற்கள் பெரும்பாலும் கருங்கல்லும் சலவைக்கல்லும். மனைவிமாரின் கல்லறைகள் அநேகமாகச் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஈரத்திலேயே எழுத்துக் கீறியவை. பூச்சு உதிர்ந்தால் பெயரும் அதோடு போகும். முதற்கட்டமாக அப்படிப்பட்ட 30 கல்லறைகளைச் செப்பனிடவும், அவற்றில் கிடப்பவர்களின் வாழ்க்கையைப் பதிவேடுகளிலிருந்து மீட்டு ஆளுக்கொரு பக்கமாக எழுதி வைக்கவும் குழு தீர்மானித்திருக்கிறது. இந்த வேண்டுகோள் அதற்கானது.

பலர் நல்ல மனத்தோடு கேட்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்: சீமெந்து பூசினால் ஒரே நாளில் முடியாதா? முடியும். கெடுவதும் அதனால்தான். எங்கள் மண் மணல். நிலத்தடி நீர் மேலே, உப்பும் கூட. அந்த ஈரம் கல்லறையின் உள்ளே ஏறி, சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகளால் வெளியேறிக் காயும். மேலே சீமெந்து பூசினால் ஈரத்துக்கு வழியில்லை. உப்பு உள்ளேயே படிகமாகி, சீமெந்துக்கும் பழைய பூச்சுக்கும் இடையில் தள்ளும். சில மழைக்காலம் போனதும் சீமெந்து தகடாகக் கழரும். கழரும்போது பழைய எழுத்தையும் ஒட்டிக்கொண்டு வரும். 1978 நவம்பர் சூறாவளியில் மரம் விழுந்து உடைந்த கல்லறைகளுக்கு அவசரத்தில் பூசிய சீமெந்து இதையே செய்திருக்கிறது. இரும்புக் கம்பி வைத்துக் கட்டியவை இன்னும் மோசம். துரு ஏறிய கம்பி பருத்து, கல்லையே பிளந்துவிடும்.

ஆகவே சுண்ணாம்புச் சாந்துதான். ஒரு கல்லறையின் கணக்கு இது. நீளம் 6 அடி, அகலம் இரண்டரை அடி, உயரம் ஒன்றரை அடி என்றால் மேற்பரப்பும் நான்கு பக்கமும் சேர்ந்து 40 சதுர அடிக்குச் சற்று மேல். முக்கால் அங்குலத் தடிப்பில் பூசச் சேதாரத்தோடு 3 கன அடி சாந்து வேண்டும். கலவை ஒன்றுக்கு மூன்று: 3 கன அடி மணல், 1 கன அடி ஊறிய சுண்ணாம்பு. ஊறிய சுண்ணாம்பு மணலின் இடைவெளிக்குள் போய்விடுவதால் மொத்த அளவு கூடாது. 1 கன அடி ஊறிய சுண்ணாம்புக்கு ஏறக்குறைய 20 கிலோ நீற்றிய தூள் போகும். 30 கல்லறைக்கு 600 கிலோ தூள், ஒரு கியூப் (100 கன அடி) ஆற்றுமணல். மணலில் கொஞ்சம் மிஞ்சும், அது அத்திவாரம் இறங்கிய கற்களை நிமிர்த்த உதவும். கடற்கரை மணலை யாரும் இலவசமாகத் தந்தாலும் வாங்க மாட்டோம். உப்பை நாமே கொண்டுவந்து பூசுவது போலாகும். ஆற்றுமணல் அனுமதிப் பத்திரத்தோடுதான் வர வேண்டும்.

தூளை 200 லீற்றர் பிளாஸ்டிக் பீப்பாய்களில் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே எப்போதும் நாலு விரல் நீர் நிற்கும்படி மூடி, குறைந்தது மூன்று மாதம் வைக்க வேண்டும். 30 கல்லறைக்கு ஐந்து பீப்பாய். அவசரப்பட்டு ஊறாத சுண்ணாம்பைப் பூசினால் நீறாத துகள்கள் சுவரில் பின்னால் நீறி, சின்னச் சின்னப் பள்ளமாகத் தெறிக்கும். சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும். சிரமதானத்துக்கு வரும் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. புல் வெட்டலாம், தண்ணீர் அள்ளலாம்.

வேலை தொடங்குவது மாரி ஓய்ந்த பின், மார்ச்சில். முதற்பூச்சு அரை அங்குலம். ஒரு கிழமை பொறுத்து இரண்டாவது பூச்சு கால் அங்குலம். தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று எழுமுன் பூச்சு வேலையை முடிக்கப் பார்ப்போம். அந்தக் காற்று சுண்ணாம்பின் ஈரத்தை மேலாக உறிஞ்ச, பூச்சு தலைமயிர் போல வெடிக்கும். அதற்குள் முடியாவிட்டால் கிடுகால் மறைப்புக் கட்டி, நனைத்த சாக்கு போர்த்தி ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். சாந்தில் கடுக்காய் நீரும் பனங்கட்டியும் சேர்க்கச் சொல்லும் மூத்த மேசன்மார் உண்டு. அந்த முறையில் பிழையில்லை. ஆனால் அளவு ஆளுக்காள் மாறுகிறது, இனிப்புக் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். நாங்கள் சேர்க்கவில்லை.

எழுத்து இன்னும் நிற்கும் இடத்தில் புதுப்பூச்சு ஏறாது. அதன் ஓரத்தை மட்டும் மெல்லிய சாந்தால் அணைத்துவிடுவோம். அரசங்கன்று, ஆலங்கன்று முளைத்த கல்லறையில் கன்றைப் பிடுங்க வேண்டாம், வேரோடு கட்டும் வரும். அடியில் வெட்டி, வெட்டுமுகத்தில் களைகொல்லியைத் தூரிகையால் தடவி, வேர் காய்ந்து சுருங்கிய பின்தான் எடுக்க வேண்டும். சலவைக்கல்லுக்கு நல்ல தண்ணீரும் மெல்லிய நைலோன் தூரிகையும் போதும். மலசலகூடம் கழுவும் அமிலமும், தேசிக்காய்ப் புளியும் கல்லைத் தின்றுவிடும். முதல் நாள் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். வருடா வருடம் பெயின்ற் அடிக்கும் குடும்பங்களிடமும் ஒரு வேண்டுதல்: பெயின்ற் எழுத்தின் குழியை நிரப்புகிறது. நிறுத்திவிடுங்கள்.

இனி வாசிப்பு. எழுத்துத் தேய்ந்த கல்லைக் காலை ஏழு மணி வெயிலில், அல்லது கண்ணாடியால் பக்கவாட்டில் ஒளி விழுத்திப் பார்க்க வேண்டும். சோக்கட்டி, கரி எதுவும் தேய்க்கக் கூடாது. ஈயம் பதித்த எழுத்து விழுந்திருந்தால், ஈயத்தைப் பிடித்துவைத்த துளைகளின் வரிசையே எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். பழைய கல்லில் ஆண்டு தமிழ் எண்ணில் இருக்கலாம். ௧ ககரத்தைப் போலவும் ௮ அகரத்தைப் போலவும் இருப்பதால், ஆண்டை ஏதோ பெயரின் தலைப்பெழுத்து என்று விட்டுவிடுவது வழக்கமான பிழை. வசனங்களிலும் கவனம் வேண்டும். மனைவி, தாய் என்று எழுதிய கற்களில் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரமே அதிகம். இரண்டு சொல் தெரிந்தால் மீதியை வேதாகமத்தைத் திறந்து நிரப்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் வெஸ்லியன் மிஷனரியான பீற்றர் பேர்சிவல் தலைமையில் யாழ்ப்பாணத்தில் உருவான மொழிபெயர்ப்பு 1850-இல் வந்தது, ஹென்றி பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பு 1871-இல் வந்தது. கல் எந்த ஆண்டினது என்று பார்க்காமல் இன்றைய வேதாகமத்தால் நிரப்பினால், அந்தக் குடும்பம் வாசித்திராத வசனத்தை அவர்கள் தலைமாட்டில் எழுதியவர்களாவோம்.

கல் சொல்வது மிகக் குறைவு: இன்னாரின் மனைவி, இத்தனை பிள்ளைகளின் தாய், கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள். மெதடிஸ்தத்தின் தாய் என்று நாம் சொல்லும் சுசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றார், பாதியளவு குழந்தையிலேயே போயின. அவர் பிள்ளைகளை வளர்த்த முறையை 1732-இல் மகன் ஜோன் வெஸ்லிக்கு எழுதிய கடிதம் இருப்பதால் அவரை அறிகிறோம். எங்கள் பெண்கள் கடிதம் விட்டுச் செல்லவில்லை. ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் மூன்றும்தான் சாட்சி. அரசின் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியது 1867-இல். அதற்கு முந்தியவர்களுக்கு வேறு எழுத்து அநேகமாக இல்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். விவாகப் பதிவில் தகப்பன் பெயரும் பிறந்த ஊரும் கிடைக்கும். ஞானஸ்நானப் பதிவில் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். தாயின் அடக்கத்துக்கு முன்பின் சில நாளில் ஒரு குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் இருந்தால், பிரசவத்தில் போனார் என்று அநேகமாகக் கொள்ளலாம். அடுத்த பக்கத்தில் அந்தக் குழந்தையின் அடக்கமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே கிழமையில் ஒரே தெருவிலிருந்து பல அடக்கங்கள் வந்திருந்தால் கொள்ளைநோயை நினைக்கலாம். பதிவில் காரணம் எழுதியிராவிட்டால் நாமும் உறுதியாக எழுத மாட்டோம்.

பதிவேடுகளின் பழைய மை தாளை அரிக்கிறது. செலோரேப் ஒட்டிய இடம் மஞ்சளாகிப் பிசினாகிவிட்டது. லமினேற் செய்தால் மீட்கவே இயலாது. ஏட்டை முழுக்க விரிக்காமல் இரு பக்கமும் துணிப்பொதி கொடுத்து, பக்கம் பக்கமாக நிழலில் படம் பிடிப்போம். படங்கள் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு இடங்களில் இருக்கும்.

பதிவேடு சொல்லாததை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் பூட்டி எந்த வகுப்புக் கூட்டத்தில் (சபையின் சிறு ஜெபக் குழுவில்) இருந்தார், வீட்டு ஜெபத்தில் எந்தக் கீர்த்தனை பாடினார், சமைக்கும்போது சபைக்கென்று பிடியரிசி எடுத்து வைத்தது எந்தச் சட்டியில், மட்டக்களப்பு வின்சன்ட் பெண்கள் பாடசாலையில் படித்தாரா, கடைசி வருத்தத்தில் யார் பக்கத்தில் இருந்தார்கள்: தெரிந்ததை மட்டும் எழுதி அனுப்புங்கள். யார் சொல்லக் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். பழைய குடும்பப் படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படம்பிடியுங்கள். பெயரும் ஆண்டும் அங்கேதான் இருக்கும். உயிரோடிருப்பவர்களின் விவரம் வேண்டாம்.

விலையும் கூலியும் மாதாமாதம் மாறுவதால் ரூபாயில் பங்கு பிரிக்கவில்லை. ஒரு கல்லறைக்கு ஒரு மேசனும் ஒரு கையாளும் ஐந்து நாள், 20 கிலோ சுண்ணாம்பு, 3 கன அடி மணல். ஒரு குடும்பம் ஒரு கல்லறையை முழுமையாக ஏற்கலாம், ஒரு நாள் கூலி மட்டும் தரலாம், ஒரு பீப்பாய் வாங்கித் தரலாம். தன் குடும்பக் கல்லறைக்கென்று பணம் தருபவர்கள் அதே அளவில் உறவினர் யாருமற்ற ஒரு கல்லறைக்கும் தந்தால் நன்று. அவைதான் முதலில் செய்யப்படும். ரைல்ஸ், கிறனைற் பலகை, புதுப் பெயர்ப்பலகை ஏற்கப்படாது. எந்தக் கல்லறையிலும் கைவைக்குமுன் குடும்பத்தின் எழுத்துமூலச் சம்மதம் பெறுவோம். குடும்பம் தெரியாவிட்டால் நான்கு ஞாயிறு ஆராதனையில் அறிவித்த பின்பே தொடுவோம்.

பணத்தைச் சபை அலுவலகத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புபவர்கள் கணக்கிலக்கத்தை அலுவலகத்திடமே கேட்டுப் பெறுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் இலக்கம் எதுவானாலும் எங்களுடையதல்ல. வரவு செலவு மாதத்துக்கொருமுறை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். மார்ச்சில் பூச வேண்டுமானால் டிசம்பர் தொடக்கத்திலேயே சுண்ணாம்பு ஊற வேண்டும். எனவே சுண்ணாம்புக்கும் பீப்பாய்க்குமான பணம் நவம்பர் முடியுமுன் வேண்டும். கூலிக்கான பணம் நத்தாருக்குப் பின் வந்தாலும் போதும்.