இரண்டாவது மூட்டை

கயல்மா,

வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது. அடுத்த மாதம் நீயும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரின் தெங்கா பேட்டையில் குடிபுகப் போகிறீர்கள். "ரெண்டு பேருக்கு எதுக்குப்பா ரெண்டு மூட்டை அரிசி? கீழே இறங்கினா பேரங்காடி" என்று நீ போனில் கேட்டாய். பார்த்தால் சமையலறைக் கேள்வி. ஆனால் இந்தச் சின்னத் தீவு எப்படி மூன்று வேளையும் சாப்பிடுகிறது என்பதைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. போனில் முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

சிங்கப்பூர் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. அரிசியில் ஒரு மணிகூட இங்கே வியாபாரத்துக்கு விளைவதில்லை. அப்படியிருந்தும் கடையில் அரிசி தீர்வதில்லை என்றால் அதற்குக் காரணம் அரிசி இருப்புத் திட்டம். வெள்ளை அரிசி, பாஸ்மதி, பொன்னி, புழுங்கல் இவற்றை இறக்குமதி செய்ய உரிமம் வாங்குகிறவர், மாதம் எவ்வளவு இறக்குகிறாரோ அதைப்போல் இரண்டு மடங்கை அரசு குறித்த கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். மாதம் 100 டன் இறக்கினால் கிடங்கில் 200 டன். அரிசி அவருடையதுதான். நெருக்கடி வந்தால் அரசு விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. எந்த மூட்டையும் ஓராண்டுக்கு மேல் அங்கே கிடக்கக் கூடாது. அதனால் பழையதை வெளியே எடுத்து விற்பார், புதியதை உள்ளே வைப்பார்.

இந்தக் கடைசி விதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆபத்துக்கு என்று ஒரு மூலையில் பூட்டி வைத்த அரிசி, ஆபத்து வருகிற நாளில் வண்டு மொய்த்துக் கிடக்கும். இங்கே அப்படியில்லை. நீ இன்று உலையில் போடுகிற அரிசி சில மாதம் முன்பு நாட்டின் அவசர இருப்பாக இருந்ததாக இருக்கலாம். இருப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. ஓடிக்கொண்டே இருக்கிற சரக்கின் ஒரு பகுதிதான் இருப்பு.

உன் வீட்டிலும் அதைத்தான் செய்யச் சொல்கிறேன். நீங்கள் இருவரும் நாளுக்குச் சுமார் 300 கிராம் அரிசி சமைப்பீர்கள். 5 கிலோ மூட்டை 16 நாள் வரும். ஒன்று வாளியில், ஒன்று பிரிக்காமல். பிரிக்காததைப் பிரிக்கிற அன்று அடுத்ததை வாங்கு. அவ்வளவுதான். எந்த நாளில் கடை மூடினாலும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் கையில் இருக்கும், செலவும் கூடாது. மூட்டை மேல் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதிவிடு.

வண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது வெளியிலிருந்து வருவதைவிட அரிசியோடு முட்டையாகவே வருவதுதான் அதிகம். நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் பொரிக்கும். புது மூட்டையை நாலு நாள் உறைபெட்டியில் வைத்து, எடுத்ததும் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு மூடி இறுக்கமான வாளியில் கொட்டு. குளிர்ச்சியோடு பிரித்தால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். தீட்டாத அரிசியை மட்டும் சேர்த்து வைக்காதே. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சில மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும். பருப்பில் துவரையோடு பாசிப்பருப்பும் ஒரு கிலோ இருக்கட்டும். குக்கர் இல்லாமல், குறைந்த தீயில் வேகும்.

"நிஜமாவே கடை மூடுமா?" என்று கேட்பாய். மூடாது. ஆனால் ஒரு பொருள் திடீரென்று காணாமல் போகும். 2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு நம் கோழியில் 34 விழுக்காடு அங்கிருந்துதான் வந்தது, பெரும்பாலும் உயிரோடு. மீனும் இறைச்சியும் விற்கும் ஈரச்சந்தைகளில் கோழிக் கடைகள் பல அடைத்துக் கிடந்தன. ஆனால் பிரேசில் உறைகோழி இருந்தது, அந்த மாதக் கடைசியிலேயே இந்தோனீசியாவுக்கும் அனுமதி கொடுத்தார்கள். பசியால் யாரும் வாடவில்லை. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியபோது கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. அதற்கு முந்தைய ஆண்டு நம் அரிசியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. புழுங்கலுக்குத் தடை இல்லை, ஆகஸ்ட் 25 முதல் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. அந்த மாத இறுதியில் சிங்கப்பூருக்குச் சிறப்பு விலக்கு கிடைத்தது, 50,000 டன். விலக்கு வரும்வரை பதறாமல் பேச்சு நடத்த முடிந்ததற்கு, கிடங்கில் இருந்த அந்த இரண்டு மடங்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். கையில் சரக்கு இருப்பவன்தான் பொறுமையாகப் பேரம் பேச முடியும்.

மாறாக 2020 பிப்ரவரி 7. கொவிட் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்திய மாலையே அரிசி, நூடல்ஸ், கழிவறைத் தாள் அடுக்குகள் காலி. கிடங்கில் சரக்கு இருந்தது. கிடங்கிலிருந்து அடுக்குக்கு வரும் லாரியும் ஆளும் சாதாரண நாள் விற்பனைக்கு ஏற்பத்தான் இருந்தார்கள். ஒரே மாலையில் எல்லோரும் பல வாரச் சரக்கை வாங்கினால் எந்த அடுக்கும் தாங்காது. காலி அடுக்கின் படம் வாட்ஸ்அப்பில் பரவ, அதைப் பார்த்தவர்களும் கிளம்பினார்கள். பேரங்காடிகள் ஆளுக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு போட வேண்டியதாயிற்று. வீட்டில் இரண்டாவது மூட்டை உள்ளவர் அன்று வரிசையில் நிற்கத் தேவையில்லை. அவர் நிற்காததால் வரிசை குறைகிறது. உன் மூட்டை உனக்கு மட்டும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

உள்ளூர் விளைச்சலைப் பற்றி நீ பெருமையாகப் பேசுவாய். எனக்கும் ஆசைதான். ஆனால் 2023இல் முட்டையில்தான் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உள்ளூர், காய்கறியில் சுமார் 3 விழுக்காடு. மின்விளக்கில் அடுக்கடுக்காகப் பயிர் வளர்க்கும் பண்ணைகளுக்கு மின்கட்டணம் கட்டுப்படியாகவில்லை, மக்கள் மலிவான இறக்குமதிக் கீரையையே எடுத்தார்கள். 2030க்குள் நம் சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்ற பழைய இலக்கை 2025இல் மாற்றிவிட்டார்கள். சந்தையில் உள்ளூர்க் கீரையும் முட்டையும் கண்ணில் பட்டால் வாங்கு. சும்மா இருக்கிற காலத்தில் வாங்காவிட்டால், தேவைப்படும் காலத்தில் பண்ணையே இருக்காது.

தண்ணீருக்கு வருகிறேன். மழைநீர், மலேசியாவின் ஜோகூர் நீர், கழிவுநீரைச் சுத்திகரித்த புதுநீர், கடல்நீர்ச் சுத்திகரிப்பு என்று நாலு குழாய்கள். ஜோகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் காலன் எடுக்க உரிமை தரும் 1962 ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. அந்த ஆற்றுக்கு உயிர் கொடுக்கும் லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஒப்பந்தம் இருந்தாலும் ஆற்றில் தண்ணீர் இருக்க வேண்டுமே! புதுநீரும் கடல்நீரும் மழையை நம்பாதவை, ஆனால் மின்சாரத்தை நம்புபவை. நம் மின்சாரமோ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது. ஒன்றின் காலில் இன்னொன்று நிற்கிறது என்பதை நினைவில் வை.

உன் வீடு மேல்மாடி. உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுவது பம்பு. மின்சாரம் போனால் மொட்டைமாடித் தொட்டியில் உள்ளது தீரும்வரைதான் குழாயில் வரும். ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர் குடிக்க, மூன்று நாளுக்கு இருவருக்கும் 18 லிட்டர். போத்தல் வாங்க வேண்டாம், மூடியுள்ள சுத்தமான கலன்களில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வெயில் படாமல் வை. மாதம் ஒரு முறை அதைச் செடிக்கும் தரைக்கும் ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடி.

மின்னடுப்பு மட்டும் வைக்கப் போவதாகச் சொன்னாய். அப்படியானால் சின்ன கேஸ் டப்பா அடுப்பு ஒன்றும் நாலு டப்பாவும் வாங்கிவை. அகலமான பாத்திரத்தை அதன் மேல் வைக்காதே. பாத்திரம் டப்பா இருக்கும் பக்கம் நீண்டால் சூடு திரும்பி டப்பா வெடிக்கலாம். சன்னலைத் திறந்துவைத்துத்தான் பற்றவைக்க வேண்டும், பாம் ஷெல்டருக்குள் (வீட்டுக்குள் இருக்கும் தடித்த சுவர்ப் பாதுகாப்பு அறை) கூடவே கூடாது. டார்ச்சில் பேட்டரியைப் போட்டே வைக்காதே, கசிந்து கம்பியை அரித்துவிடும். பக்கத்தில் தனியாக வை.

பாம் ஷெல்டர் என்றதும் நினைவு வருகிறது. உன் ஒப்பந்தக்காரர் "அந்த இரும்புக் கதவு அசிங்கம், எடுத்துடலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. கதவை எடுக்கவோ சுவரை உடைக்கவோ சட்டம் இடம் கொடுக்காது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர்ப் பட்டையில் பெயிண்ட் பட்டால் அது காய்ந்து வெடித்து அடைப்பு போய்விடும். காற்றுத் துளைகளை மூடும் இரும்புத் தட்டுகளையும் திருகுகளையும் ரெனொவேஷன் குப்பையோடு எறிந்துவிடாமல் பார்த்துக்கொள். அரிசி வாளியை அங்கே வைக்கலாம், ஆனால் சுவரோடு ஒட்டி வேண்டாம், ஈரம் கோக்கும். கதவைத் திறந்தே வை.

பணத்தில் முதலில் ரொக்கத் தாள். 2023 அக்டோபர் 14 அன்று ஒரு தரவு மையத்தில் குளிரூட்டி பழுதானதால் இரண்டு வங்கிகளின் சேவை பல மணி நேரம் நின்றது. சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் முடியாமல் போயின. வீட்டில் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கட்டும், 2, 5, 10 வெள்ளித் தாள்களாக. அங்காடிக்காரரிடம் 50 வெள்ளித் தாளை நீட்டினால் சில்லறை இருக்காது.

அடுத்து வேலை. உன் துறையில் ஆட்குறைப்பு சொல்லிக்கொண்டு வராது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடன் எடுக்கும்போது உன் மசே நிதி (மத்திய சேம நிதி) சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளி வரை விட்டுவைக்க விதி இருக்கிறது. "கடனைக் குறைக்கலாமே" என்று எல்லாவற்றையும் கொட்டிவிடாதே. கடனுக்கு வட்டி 2.6, கணக்கில் உனக்கு 2.5. வித்தியாசம் மிகச் சிறிது. வேலை போனால் அந்த 20,000தான் பல மாதத் தவணையைத் தானாகக் கட்டும். அதற்கு மேல் ஆறு மாதச் செலவுக்கான பணம் எளிதில் எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் அதற்கு நல்லது. 500 வெள்ளியிலிருந்து போடலாம், எந்த மாதம் கேட்டாலும் அபராதம் இல்லை, பணம் மறு மாதத் தொடக்கத்தில் வரும். அந்த இடைவெளிக்கு ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில். விருப்பமில்லாமல் வேலை இழந்தவர்களுக்கு, மாதம் 5,000 வெள்ளி வரை சம்பாதித்திருந்தால், ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கிற திட்டமும் 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. முதல் மாதம் 1,500 வரை, பிறகு படிப்படியாகக் குறையும். வேலை தேடுவதற்கான ஆதாரம் ஒவ்வொரு மாதமும் காட்ட வேண்டும்.

நாடும் இதே கணக்கில்தான் நடக்கிறது. 2009இல், முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த நிதியிருப்பிலிருந்து 4 பில்லியன் வெள்ளி எடுத்து, 2011இல் திரும்ப வைத்தார்கள். கொவிட் காலத்தில் சுமார் 40 பில்லியன். 2020 ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வொரு உள்ளூர் ஊழியரின் சம்பளத்திலும் முதல் 4,600 வெள்ளியில் 75 விழுக்காட்டை அரசு முதலாளிக்குக் கொடுத்தது அதிலிருந்துதான். அரசாங்கம் மட்டும் நினைத்தால் எடுக்க முடியாது, அதிபரும் ஒப்ப வேண்டும். 2022இல் இலங்கைக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தோமே. அந்நியச் செலாவணி தீர்ந்து, ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. எண்ணெய்க் கப்பல் கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றாலும் இறக்கப் பணமில்லை. தீவுக்கு முதலில் உடைவது அந்த இடம்தான்.

நம் ஏற்பாடுகளில் பெரிய ஓட்டை எங்கே இருந்தது என்பதையும் சொல்லாமல் இருக்கக் கூடாது. 2020இல் அரிசி இருந்தது, பணம் இருந்தது, மருத்துவமனை இருந்தது. வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓர் அறைக்குப் பத்துப் பதினைந்து பேராக, கழிவறையும் சமையலறையும் பொதுவாக இருந்தார்கள். அந்த நெருக்கத்தை யாரும் அபாயமாகக் கணக்கில் எழுதி வைக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் அவர்களில் சுமார் 47 விழுக்காட்டினருக்குத் தொற்றிவிட்டது. அதில் எத்தனையோ பேர் நம் தமிழ்ப் பிள்ளைகள், புதுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கத்து முகங்கள். இப்போது புது விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆறு பேருக்கு ஒரு கழிவறை என்று விதி வந்திருக்கிறது. பழைய விடுதிகள் முழுமையாக மாற 2040 வரை அவகாசம். அது மிக நீண்ட அவகாசம் என்றே எனக்குப் படுகிறது.

அதனால் உன் மாடியிலும் முதலில் ஆட்களை எண்ணு. மின்தூக்கி நின்றால் இறங்க முடியாதவர் யார்? ஆக்சிஜன் கருவியோ இன்சுலினோ உள்ள வீடு எது? தனியாக இருக்கும் மூதாட்டி யார்? மலாய் மக்சிக்காக இருந்தாலும் சீன ஆண்ட்டியாக இருந்தாலும், குடிபுகுந்த முதல் வாரமே முறுக்கோ கேசரியோ எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டு. நெருக்கடி நாளில் முதல்முறையாகத் தட்டினால் யாரும் திறக்க மாட்டார்கள். போன் எண் வாங்கிக் கதவுக்குப் பின்னால் தாளில் எழுதி ஒட்டு. போன் அணைந்தாலும் தாள் இருக்கும்.

உன் ஆஸ்துமா இன்ஹேலரில் ஒன்று கூடுதலாக வேண்டும், காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கு. அம்மா 10 கிலோ பிடிக்கிற எவர்சில்வர் தூக்கு ஒன்றைத் தேய்த்து வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கொண்டுவருகிறோம். அதற்குள் ஷெல்டரின் உள் அகலத்தை அளந்து எனக்கு அனுப்பு, தட்டு வாங்க வேண்டும்.

அன்புடன்
அப்பா