பிலிம் பழக வரும் பிள்ளைகளுக்கு இருட்டறைகளைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அண்மைக்காலமாகக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், தாத்தாவின் பீரோவிலிருந்து எடுத்த கேமராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு என்னைத் தேடி வருகிறார்கள். இது வேலை செய்யுமா, பிலிம் எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்பவைதான் அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள். கையில் அதிகம் பணமில்லாமல் இந்தக் கலைக்குள் வர விரும்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கேமராவுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். அதைப் பிலிமுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயர்பெற்ற கேமராவைப் பல ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிவிட்டு, இரண்டாவது ரோலுக்கு வழியில்லாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். உறவினர் வீடுகளில் விசாரித்தாலே பழைய யாஷிகாவோ ஜெனிட்டோ கிடைத்துவிடும்; சென்னைக்காரர்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் தேடிப் பார்க்கலாம். பரோடாவில் தயாரான ஆக்பா க்ளிக்-3 பல வீடுகளில் உண்டு. ஆனால் அதற்கு 120 எனப்படும் அகலமான பிலிம் ரோல் வேண்டும், ஒரு ரோலில் 12 படங்களே விழும். எனவே, 36 படங்கள் தரும் 35 மி.மீ. கேமராவே தொடக்கத்துக்கு ஏற்றது.

வாங்குமுன் பின்மூடியைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அழுத்திப் பாருங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்தால் சிலந்தி வலைபோல் பூஞ்சை தெரிகிறதா என்று கவனியுங்கள், தெரிந்தால் வேண்டாம். மூடியின் ஓரத்துக் கறுப்பு ஸ்பாஞ்சு விரலில் தார்போல் ஒட்டினால் மட்டும் பயப்பட வேண்டாம். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலை வைத்து ஒட்டினால் வெளிச்சம் கசியாது. வெளிச்சத்தை அளந்து சொல்லும் ஒளிமானி செத்திருந்தாலும் கவலையில்லை. ஐ.எஸ்.ஓ. 100 என்று ஒளியுணர்வு அளவு குறித்த பிலிமுக்கு உச்சி வெயிலில் லென்ஸ் துளை எப்/16, ஷட்டர் வேகம் 1/125 நொடி. அதே வேகத்தில் கட்டட நிழலுக்கு எப்/4 என்று மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

தொழில் பழகிய நாட்களில் ஒரு காதுகுத்து விழாவில் 36 படங்களும் எடுத்து முடித்த பிறகுதான், பிலிமின் நுனி சுருளில் மாட்டாமல் நழுவிப்போனதை அறிந்தேன். ஒரு படமும் இல்லை. அந்தக் குழந்தையின் தாய் முகம் இன்றும் மறக்கவில்லை. ரோல் மாட்டியதும், பிலிமைத் தள்ளும்போது இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ் கூடவே சுழல்கிறதா என்று பார்ப்பதை அன்றுமுதல் வழக்கமாக்கிக்கொண்டேன்.

செலவு உண்மையில் ரோலிலும் கழுவுவதிலும்தான் இருக்கிறது. கலர் ரோல் ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் 25 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கழுவும் கூலி தனி. ஆகவே ஃபோமாபான், கெண்ட்மியர் போன்ற விலை குறைந்த கறுப்பு வெள்ளைப் பிலிமில் தொடங்கி, பிலிமைக் கழுவ ஒரு டேங்கும், வெளிச்சம் படாமல் பிலிமை அதில் மாட்ட ஓர் இருட்டுப்பையும், வெப்பமானியும் வாங்கிக்கொண்டு வீட்டிலேயே கழுவப் பழகுவதுதான் நல்லது. இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டி-76 டெவலப்பருக்கு 20 டிகிரி சூடுதான் அளவு. சித்திரையில் நம் குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு வந்துவிடும். அந்தச் சூட்டில் கழுவும் நேரம் மிகவும் சுருங்கிவிடுவதால் படம் திட்டுத்திட்டாக வரும். ஐஸ் கட்டிகள் மிதக்கும் வாளியில் பாட்டில்களை நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவந்து, அதற்குரிய நேரத்தைக் கணக்கிட்டுக் கழுவலாம். ஆனால் டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டு, சூடான ஹைப்போவிலும் (படத்தை நிலைக்கவைக்கும் மருந்து) குழாய்த் தண்ணீரிலும் போட்டால் பிலிமின் மேல்பூச்சு சுருங்கி வலைவலையாக வெடித்துவிடக்கூடும். எல்லா நீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். எங்கள் ஸ்டுடியோவில் கோடைகாலம் முழுவதும் இரவு 11 மணிக்குமேல், மண்பானைத் தண்ணீரில்தான் கழுவுவோம்.

உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிமில் தொழில் கற்றவன் நான். அந்த ஆலை மூடப்பட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். இன்றைய பிள்ளைகள் வெளிநாட்டுச் சரக்கையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

கழுவுவதை வீட்டில் செய்யலாம். ஆனால் பிரிண்ட் போட, பிலிமில் உள்ள படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜரும் இருட்டறையும் வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் ஒரு மாணவருக்கு அது முடியாத காரியம். காட்சித் தொடர்பியல் துறை உள்ள கல்லூரிகளிலோ முன்பு அமைத்த இருட்டறைகள் சில இன்று பூட்டிக் கிடக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒன்றில் என்லார்ஜரின்மேல் பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த இருட்டறைகளைத் தூசு தட்டி, மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது வெளி மாணவர்களுக்கும் திறந்துவிடும்படி கல்லூரி நிர்வாகங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதியில் எந்தக் கல்லூரி முன்வந்தாலும், என் என்லார்ஜரைக் கொடுத்துவிட்டு, மருந்து கலக்கவும் பிரிண்ட் போடவும் கூலி வாங்காமல் கற்றுத்தர நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டுடியோ புகைப்படக்காரர்,
கும்பகோணம்.