மெஷினை விக்குறதுக்கு முன்னால

தம்பி,

லேத் மெஷின்ல கடையுறப்போ ஒடஞ்ச மரக்கிண்ணம்னு நேத்து ராத்திரி நீ அனுப்புன ஃபோட்டோவ பாத்தேன். அம்மா படுத்துட்டா, நான் மட்டும் அடுப்படியில ஒக்காந்து ஃபோன பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துக்கிட்டே இருந்தேன். மொதல்ல இதுக்குப் பதில் சொல்லு, முகத்துக்கு மூடி போட்டுருந்தியா? கைக்கு ஒண்ணும் இல்லியே? பத்து இஞ்சி கட்டை சுத்துற சுத்துல பிஞ்சு வந்தா பலகையக் கூட ஓட்டை போட்டுரும், அதப்பத்தி நீ ஒரு வார்த்தை எழுதல. "மூணு வாரத்து வேலை போச்சுப்பா, மெஷினை வித்துரப் போறேன், உங்க கை எனக்கு வரல, உங்க கையில ஒண்ணுமே ஒடஞ்சதில்ல"ன்னு மட்டும் எழுதியிருக்க. அந்தக் கடைசி வரிதான் என்னைய தூங்க விடல. வொய்ஸ் போடலாம்னு பாத்தேன், பாதியில தொண்டை அடைச்சுக்கிருச்சு, அதான் ஒக்காந்து டைப் பண்றேன்.

நீ வாங்குன கட்டை சில்க்கி ஓக்குன்னு போன மாசம் சொன்னியே, அது நம்ம மலையில சவுக்குன்னு சொல்ற மரந்தான் தம்பி. தேயிலைக்கு நெழலுக்குன்னு மலை பூரா நட்டு வச்சிருக்காங்களே, கிரவில்லான்னு தொரைமார் சொல்றது, அதேதான். வெள்ளக்காரன் காலத்துல அவுஸ்திரேலியாவுல இருந்து கொண்டாந்த மரம், குயின்ஸ்லாந்து பக்கந்தான் அதுக்குப் பொறந்த ஊரு. உன் தாத்தா அந்த மரத்துல ஏறி கொப்பு வெட்டியிருக்காரு, உன் அப்பாயி அந்த வெறகுலதான் ரொட்டி சுட்டா, நீ இப்ப மெல்பன்ல ஒரு கராஜுக்குள்ள அதையே கடையுற. ஃபோட்டோவுல பக்கவாட்டுல அந்த மினுமினுப்பு தெரியுது பாரு, மீன் செதிலு மாதிரி, அதப் பாத்ததுமே கண்டுபுடிச்சிட்டேன். ஒரு விசயம், அந்தத் தூளு சில பேருக்குத் தோல்ல ஆகாது, கை செவந்து கொப்பளிக்கும், எனக்கே மொழங்கை வரைக்கும் வந்திருக்கு. முழுக்கை சட்டை போட்டுக்க, முடிஞ்சதும் கழுவிரு.

இப்ப ஒடஞ்ச எடத்துக்கு வாறேன். வாய் ஓரத்துல உளி கொத்துன தடம் ஒண்ணு ஆழமா இருக்கு, அத நீயும் பாத்திருப்ப, அதனாலதான் உன் கைய நீயே திட்டுற. உள்ளுக்கு ஆழமா தோண்டிட்டு, திரும்ப வாய்ப்பக்கம் வந்து கொஞ்சம் மெல்லிசாக்கலாம்னு உளி வச்சிருக்கணும், சரிதானே? உள்ள மரம் போனதும் வாய் அசைஞ்சிரும் தம்பி, நீ காலையில வட்டமா விட்டது மத்தியானம் வட்டமா இருக்காது, கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்வட்டமாயிருக்கும், மெல்லிசான ஓரம் உளி பட்டதும் நடுங்கும், நடுங்குனா கொத்தும். வாய முழுசா முடிச்சிட்டுத்தான் உள்ள எறங்கணும், எறங்குனா பெறகு மேல ஏறி வரக்கூடாது. இத நான் உனக்குச் சொல்லிக் குடுக்கல, அது என் பிழை.

ஆனா கொத்துனது மட்டும் காரணம் இல்ல. கிண்ணம் ஒடஞ்ச பக்கத்த நல்லாப் பாரு. ஓரத்துல இருந்து ஒரு ஒன்றரை இஞ்சிக்கு நெறம் வேற, மங்கிப்போயி, உள்ள தூளு அடஞ்ச மாதிரி கருப்பா. அதுக்கு அங்கிட்டு புதுசா கிழிச்ச மாதிரி வெளுப்பா இருக்கு. அந்தக் கருப்பு எடம் நீ மெஷின்ல மாட்டுறதுக்கு முன்னாலயே வெடிச்ச எடம். கட்டை காயுறப்பவே விரிசல் விட்டு, நீ அதோட சேத்துதான் கடைஞ்சிருக்க, உளி பட்டதும் மிச்சம் பிரிஞ்சிருக்கு. சத்தம் கேட்டது சனிக்கெழம, ஒடஞ்சது அதுக்கு எத்தனையோ மாசம் முந்தி.

இது எனக்கு எப்படித் தெரியும்னு சொல்றேன், இத்தன நாளா உன்கிட்ட சொல்லாத விசயம்.

2022ல நீ ஏ.எல் பரீட்சை எழுதிட்டு கண்டியில அத்தை வீட்டுல நின்ன நேரம். இங்க பண்டாரவளையில ஒரு மாடி வீட்டுக்காரரு படிக்கட்டு கைப்பிடியத் தாங்க 38 கடைச்சல் கால் கேட்டாரு, அட்வான்சும் குடுத்தாரு. காஞ்ச மரம் வெலை கேட்டாத் தலை சுத்துது, மர மில்லுல வெட்டி ரெண்டு மாசங்கூட ஆகாத சவுக்குக் கட்டை மலிவா கெடந்துச்சு. ஒரு இஞ்சி தடிப்புக்கு ஒரு வருசம் காய விடணும்னு நான் வாய் ஓயாம சொல்ற ஆளு. தெரிஞ்சுதான் வாங்குனேன். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, ஞாபகம் இருக்கும், வந்தா வந்த நேரம் ராத்திரி ரெண்டு மணின்னாலும் எழும்பி ஓடிப்போயி லேத்த போடுவேன். ஈரக் கட்டை கடையுறதுக்கு சுகமா இருக்கும், வெண்ணெய் மாதிரி சுருள் சுருளா வரும், அந்த சுகத்துல நானும் மயங்கிட்டேன். மே மாசம் மாட்டிக் குடுத்தோம், படிக்கட்டு பாக்க அப்பிடி ஒரு அழகு, அம்மாவக் கூட்டிட்டுப் போயி காட்டுனேன்.

ஜூலையில கச்சான் காத்து தொடங்கிருச்சு. நம்ம ஊவா மலைத் தேயிலைக்கு மணம் குடுக்குற காத்துன்னு எல்லாரும் கொண்டாடுற அதே காத்துதான், வரட்டுக் காத்து, துணி அரை மணித்தியாலத்துல காயும். அந்தக் காத்துல என் காலுகளும் காஞ்சுச்சு. மரம் காயுறப்போ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, வளையத்தோட ஓட்டத்துல சுருங்குறது நடுவுல இருந்து வெளிய சுருங்குறத விட ஏறத்தாழ ரெண்டு மடங்கு. வெளி வளையம் சுருங்கப் பாக்குது, உள்ள இருக்கிறது விட்டுக் குடுக்க மாட்டேங்குது, அப்ப எங்கயாவது வாயத் தொறந்துதானே ஆகணும். ஒவ்வொண்ணா வளைஞ்சுச்சு, வெடிச்சுச்சு, துளையில இருந்து கழண்டு ஆடுச்சு. வீட்டுக்காரரு ஃபோன்ல பேசுன பேச்ச நான் எழுத மாட்டேன், அவரு பேசுனதுல தப்பும் இல்ல.

ஒரு ஆட்டோவுல ரெண்டு நடையா எல்லாத்தையும் கழட்டிக் கொண்டாந்து பட்டறையில போட்டேன். அட்வான்ஸ திருப்பிக் குடுக்கணும், அம்மா சங்கிலி அடகுக்குப் போனது அதுக்குத்தான். உன் படிப்புக்குப் போச்சுன்னுதான் நீ இன்னைக்கு வரைக்கும் நெனச்சிக்கிட்டு இருக்க, நானும் நீ நெனைக்கட்டும்னு விட்டுட்டேன். நீ கோல் பண்ணி "வேலை எப்பிடிப்பா"ன்னு கேக்குறப்பெல்லாம் கரண்ட் இல்ல, அதான் வேலை இல்லன்னேன். சங்கிலிய போன வருசந்தான் மீட்டோம்.

பதினோரு நாளு பட்டறை கதவைத் தொறக்கல தம்பி. மழை இல்ல, வெயிலு நல்லா அடிக்குது, நான் திண்ணையில ஒக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டு இருப்பேன். கண்ண மூடுனா அந்த ஆடுற காலுகதான். முப்பது வருசம் செஞ்ச கைன்னு ஊருல சொல்லுவாங்களே, அந்தக் கைய நானே பாக்கப் புடிக்காம கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அம்மா ஆறுதல் ஒண்ணும் சொல்லல. பன்னெண்டாவது நாளு தேத்தண்ணிய வச்சிட்டு, "38ல வளையாதது எத்தன?"ன்னு கேட்டா. எனக்குத் தெரியல. எண்ணிப் பாக்கவே இல்லியே நான். ரெண்டு பேருமாப் போயி பட்டறை தரையில வரிசையா அடுக்குனோம், அவ டோர்ச்ச புடிச்சா, நான் நுனியத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தேன்.

ஒம்பது நேரா இருந்துச்சு. அந்த ஒம்பதுலயும் நுனியில நடுப்புள்ளி இல்ல. மரத்துல எல்லா வளையமும் ஒரு சின்னப் புள்ளியில இருந்துதானே தொடங்கும், அந்தப் புள்ளிய விட்டுத் தள்ளி ஓரமா அறுத்த கட்டை அது. வெடிச்ச காலு ஒண்ணு விடாம நடுவுல அந்தப் புள்ளி, பொட்டு வச்ச மாதிரி. ஈரக் கட்டைன்னு எனக்கு மொதல்லயே தெரியும், ஆனா ஒரே ஈரத்துலயும் இந்த ஒம்பது தப்பிச்சது ஏன்னு அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன். இதெல்லாம் எனக்கு சின்ன வயசுல குருநாதரு சொன்னதுதான், காதுல வாங்குனது வேற, நம்ம காசு போன கட்டையில பாக்குறது வேற. அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் தூங்குனேன்.

வெடிச்சத அடுப்புக்குப் போட்டோம். காஞ்ச மகோகனி தேடி எடுத்து, அஞ்சு மாசம் கழிச்சு அவருக்கு புதுசா 38ம் செஞ்சு குடுத்தேன், லாபம் ஒரு சதம் இல்ல. அவரு நல்லாருக்குன்னும் சொல்லல, வாங்கிக்கிட்டாரு. ஒரே ஒரு வெடிச்ச காலு மட்டும் இன்னும் பட்டறை ஜன்னல்ல கெடக்கு, நீ வந்தப்போ "இது என்னப்பா"ன்னு கேட்ட, நான் "சும்மா கெடக்கு"ன்னேன்.

என் கையில ஒண்ணுமே ஒடஞ்சதில்லன்னு நீ நெனைக்கிறதுக்கு நாந்தான் காரணம், ஒளிச்சு வச்சது நானு. நீ அந்த நெனப்ப வச்சு உன்னைய அளக்குற, அது எனக்குத் தாங்கல.

அதனால இப்ப ஒண்ணும் பண்ணாத. இன்னொரு கட்டைய எடுத்து அவசரமா மாட்டாத, ஒடஞ்சத பசை போட்டு ஒட்டி மறுபடி சுத்தவே சுத்தாத, அது முகத்துக்கு வரும். உளியத் தீட்டி வை, தரையக் கூட்டு, கராஜ் கதவ ரெண்டு நாளு சாத்தி வச்சாலும் பரவாயில்ல, எனக்கு பதினோரு நாளாச்சு. மருமகளுக்குப் பொறந்தநாளைக்கு குடுக்கணும்னு செஞ்சது எனக்குத் தெரியும், அவகிட்ட ஒடஞ்சிருச்சுன்னே சொல்லிரு, ஒளிக்காத. ரெண்டு துண்டையும் வீசிராத. கிண்ணத்தோட அடிப்பக்கம், கட்டைய மெஷின்ல கவ்வுற சக்குல புடிச்ச எடம், அத வெளிச்சத்துல வச்சு ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு. நடுப்புள்ளி அதுக்குள்ள இருக்கான்னு நான் பாக்கணும். இருந்தா வித்தவன் குடுத்த கட்டையே சரியில்ல, அடுத்த தடவை எத வாங்குறதுன்னு ரெண்டு பேரும் வீடியோ கோல்ல பாத்து எடுப்போம். இல்லாட்டி எங்க காய வச்ச, ஹீட்டர் பக்கமா, வெயில்லயான்னு கேப்பேன், ரெண்டு நுனிக்கும் மெழுகு பூசுனியான்னும் கேப்பேன்.

இங்க ஒரு பலாக் கட்டை வச்சிருக்கேன், அப்பாயி நட்ட மரம், ரோட்டு வேலைக்குன்னு வெட்டுனப்போ கெஞ்சி வாங்குனது. நடுவப் பொளந்து புள்ளிய எடுத்துட்டு, நுனிக்கு மெழுகுதிரிய உருக்கி பூசி, சோக்கால 2021 ஓகஸ்ட்னு எழுதி கட்டிலுக்கு அடியில கெடக்கு. இன்னும் நான் தொடல. நீ லீவுக்கு வாறப்போ நம்ம ரெண்டு பேரும் மாட்டுவோம், நீ உளி புடி, நான் பக்கத்துல நிக்கிறேன்.

அம்மா எழும்பிட்டா, யாருக்கு இவ்வளவு நேரம் எழுதுறீங்கன்னு கேக்குறா. இத அவளுக்கும் வாசிச்சுக் காட்டிட்டுத்தான் அனுப்புவேன். அந்த அடிப்பக்கத்து ஃபோட்டோ இன்னைக்கே அனுப்பு.

அப்பா