துப்பாக்கி இல்லாமல் போகும் ராணுவ அதிகாரிகள்

ஐயா,

மே 29, ஐ.நா. அமைதிப்படையினர் நாள் பற்றிய செய்திகளில் நீலத் தொப்பியும் அணிவகுப்பும் வருகின்றன. ராணுவத் தொடர்பு அதிகாரிகளைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை என்பது என் வருத்தம்.

பெரும்பாலும் இவர்கள் ஆயுதம் ஏந்துவதில்லை. எதிரெதிர் தரப்புத் தளபதிகளைச் சந்தித்து, ஒருவர் சொன்னதை மற்றவரிடம் திரிக்காமல் சேர்ப்பதுதான் வேலை. எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் கண்மாய்த் தண்ணீருக்காக இரண்டு ஊர் முறைத்துக்கொண்டால், இரு பக்கமும் மதிக்கிற பெரியவர் ஒருவர் நடுவே போய்வருவார். அவர் வாயில் ஒரு சொல் பிசகினால் கம்பு தூக்கிவிடுவார்கள். அந்தப் பொறுப்பையே, பாஷை தெரியாத ஊரில், மொழிபெயர்ப்பாளரை நம்பிச் செய்கிறார்கள் இவர்கள்.

தென்கிழக்கு ஆசியாவின் கிழக்குத் திமோர் நாட்டுக்கு 2006-இல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் அமைதிப் பணிக்காக அனுமதித்த போலீசார் 1,608 பேர் வரை. ராணுவத் தொடர்பு மற்றும் அலுவலக அதிகாரிகளோ 34 பேர்வரைதான். இவர்களைப் போலவே ஆயுதமின்றிக் களத்தைக் கண்காணிக்கும் ராணுவப் பார்வையாளராகத் தெற்கு சூடானில் இருந்த நம் மேஜர் சுமன் கவானி, 2019-ஆம் ஆண்டுக்கான ஐ.நா. விருது பெற்றார்.

ஆள்சேர்ப்புக்காக விடியலில் ஓடும் எங்கள் பிள்ளைகளுக்கு, அதிகாரியானால் இப்படியும் ஒரு பணி உண்டென்று தெரிய வேண்டும். விரிவான கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

- ஒரு வாசகர், உசிலம்பட்டி